அவுட் ஆனவன்தான் அம்பயரா?

தெரு கிரிக்கெட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அவுட் ஆனவன்தான் அம்பயர்! முதல் பந்திலேயே டக் ஆன கடுப்பில் இருப்பான். வெயில் வேறு மண்டையைப் பிளக்கும். கையில் இருக்கிற பேட்டைப் பிடுங்கிக்கொண்டு, ‘போய் நில்லுடா’ என்று ஸ்டம்புக்குப் பின்னால் அனுப்பிவிடுவார்கள். ஸ்டம்ப் என்றால் சில ஏரியாவில் ரெண்டு செங்கல், சில ஏரியாவில் யாரோ கழற்றிப் போட்ட செருப்பு. காலேஜுக்கு வந்த பிறகு இந்தச் சட்டம் கொஞ்சம் டீசன்ட் ஆகும். ‘பேட்டிங் டீமில் யார் சும்மா உட்கார்ந்திருக்கானோ அவன் அம்பயர்.’ புரொமோஷன் அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க பாஸ்... பேட்டிங்குக்கு கோச் இருக்கிறார். பவுலிங்குக்கு, ஃபீல்டிங்குக்கு, ஏன், நெட்ஸில் பந்து எறிவதற்கென்றே தனி ஆள் இருக்கிறார். பேட்ஸ்மேன் அவுட் ஆனால் பெவிலியனுக்குப் போய் இளநீர் குடிக்கலாம். பவுலர் ஓவர் முடிந்தால் பவுண்டரி பக்கம் போய் ரசிகர்களுக்குக் கை காட்டலாம். முதல் பந்தில் இருந்து கடைசிப் பந்து வரைக்கும் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டியவர் அம்பயர். அவருக்கு யார் கோச்?

‘அதான் ரூல் புக் இருக்கே’ என்பீர்கள். இருக்கு. லண்டனில் இருக்கிற எம்.சி.சி. கிளப்தான் கிரிக்கெட் சட்டங்களுக்குச் சொந்தக்காரர். மொத்தம் 42 சட்டங்கள். செமஸ்டருக்கு முந்தின ராத்திரி ஐந்து யூனிட்டை முடிக்கிற நமக்கு 42 சட்டம் எல்லாம் ஒரு மேட்டரா? ஆனால், அதை மட்டும் படித்துவிட்டு கிரவுண்டுக்குள் போய் நிற்பது, எல்.எல்.ஆர். பரீட்சை பாஸான கையோடு கோயம்பேடு சிக்னலில் காரை எடுப்பது மாதிரி. பக்கத்து சீட்டில் ஒருத்தர் வேணும். பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கத்தாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர். அம்பயர்கள், ரெஃபரிகள் உலகத்தில் அவருக்குப் பெயர் மென்ட்டர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றித்தான்.

அரை செகண்ட் வேலை

அம்பயரோட வேலை முதல் பந்தில் ஆரம்பிப்பதில்லை. சட்டப்படி ஆட்டம் தொடங்க 45 நிமிடம் இருக்கும்போதே அவர் கிரவுண்டில் இருந்தாக வேண்டும். கிரீஸ் கோடு சரியா, ஸ்டம்ப் நேரா நிற்கிறதா, பவுண்டரி எது, உள்ளே நிற்கிற வேப்பமரத்தில் பந்து பட்டால் என்ன கணக்கு என்று இரண்டு கேப்டன்களிடமும் டாஸுக்கு முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். டாஸுக்கும் நேரம் உண்டு. ஆட்டம் தொடங்க 30 நிமிடம் இருக்கும்போதிலிருந்து 15 நிமிடம் இருக்கும்வரைதான் காசைச் சுண்டலாம். (நம்ம டிபார்ட்மென்ட் மேட்ச்சில் 7 மணி என்றால் கேப்டன் எட்டரைக்குப் பல் துலக்கிக்கொண்டே வருவார். அது தனிக் கதை.)

அப்புறம்தான் நிஜமான சிக்கல். இன்ஜினீயரிங் படிக்கிறோம், ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமே. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்றால் செகண்டுக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர். இந்த முனை பாப்பிங் கிரீஸில் இருந்து அந்த முனை பாப்பிங் கிரீஸ் வரை 58 அடி, அதாவது 17.7 மீட்டர். வகுத்தால் 0.45 செகண்ட். பந்து தரையில் பட்டு வேகம் குறையும் என்பதால் தாராளமாக அரை செகண்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பவுலரின் முன்னங்கால் கோட்டைத் தாண்டியதா என்று கீழே பார்க்கிற கண், இந்த அரை செகண்டுக்குள் மேலே ஏறி, பந்து எங்கே பிட்ச் ஆனது, பேட்டில் உரசியதா, பேடில் எங்கே பட்டது என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். பெரிய தொடர்களில் 2020 மகளிர் டி20 உலகக் கோப்பையில் இருந்து முன்னங்கால் நோ-பாலை டி.வி. அம்பயர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். நம்ம கிரவுண்டில் டி.வி.க்கு எங்கே போவது? ஒரே ஆள், ஒரே ஜோடி கண்.

பதினொரு பேரும் சேர்ந்து ‘ஹவ்வீஸ் தட்’ என்று அலறும்போது அம்பயர் மனசுக்குள் ஒரு வைவா நடக்கும். நோ-பால் இல்லையே? லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகவில்லையே? பேட்டில் முதலில் படவில்லையே? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டிருந்தால், பேட்ஸ்மேன் ஷாட் ஆட முயற்சி பண்ணினாரா? பந்து ஸ்டம்பை அடித்திருக்குமா? இதில் ஒன்றுக்கு பதில் சந்தேகம் என்றாலும் விரல் மேலே போகக் கூடாது. கேள்விகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கு. ஆனால் ஸ்டம்புக்கு எவ்வளவு பின்னால் நின்றால் காலும் தெரியும், பந்தும் தெரியும்? தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் எப்படித் தூக்குவது? அப்பீல் சத்தம் அடங்கும்வரை வாயை எப்படி மூடிக்கொண்டு இருப்பது? இதெல்லாம் எந்த யூனிட்டிலும் வராது. ஏற்கெனவே நின்று திட்டு வாங்கிய ஒருத்தர்தான் சொல்லித் தர முடியும்.

‘நீ எங்க நின்னே?’

எங்கள் காலேஜில் போன வருடம் நடந்த இன்டர் டிபார்ட்மென்ட் மேட்ச் ஒன்றைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் மெக்கானிக்கலுக்கும் ஆட்டம். நான் ஈ.சி.இ. அதனால் எந்தப் பக்கமும் சேராமல் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை. சிவில் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருவனை, ‘நடுநிலையான ஆளு’ என்று சொல்லிக் கூப்பிட்டு அம்பயராக நிறுத்தியிருந்தார்கள். கடைசி ஓவர். மெக்கானிக்கலுக்கு மூன்று பந்தில் நான்கு ரன் வேண்டும். மிட்விக்கெட் பக்கம் தட்டிவிட்டு ரெண்டு ரன்னுக்கு ஓடினார்கள். த்ரோ பவுலர் முனைக்கு வந்தது. பவுலர் பிடித்து பெயில்ஸைத் தட்டினார். விரலைத் தூக்கிவிட்டான் சிவில் தம்பி.

அவ்வளவுதான். ‘கண்ணு தெரியுதா?’, ‘எவ்ளோடா வாங்கின?’, ‘போங்காட்டம்!’ என்று ஒரு டிபார்ட்மென்ட் முழுக்க உள்ளே இறங்கிவிட்டது. மேட்ச் ஒருவழியாக முடிந்தது. தம்பி நேராக எங்கள் பி.டி. சாரிடம் போனான். கண் கலங்கியிருந்தது. ‘இனிமே என்னைக் கூப்பிடாதீங்க சார்’ என்றான். அப்புறம் அவனே, ‘அது அவுட்டா இல்லையா சார்?’ என்று கேட்டான்.

‘எனக்குத் தெரியாதுப்பா. நான் பவுண்டரியில உட்கார்ந்திருந்தேன். நீ எங்க நின்னே, அதைச் சொல்லு.’

ஸ்டம்புக்கு நேர் பின்னால் நின்றதாகச் சொன்னான். சார் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் பிட்ச்சை வரைந்தார். பந்தை அடித்ததும் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நீ ஓட வேண்டும். ஓடிப்போய் கிரீஸ் கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்று திரும்ப வேண்டும். அப்போதுதான் பேட்டும் கோடும் ஸ்டம்பும் ஒன்றாகத் தெரியும். ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றால் உனக்குத் தெரிவது பவுலரோட முதுகு மட்டும்தான். பத்து நிமிடம். தீர்ப்பு சரியா தப்பா என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குள் ஒரு சின்ன மேட்ச். அதற்கு அம்பயராகத் தம்பியைத்தான் அனுப்பினார். ஸ்கொயர் லெக் பக்கம் பவுண்டரிக்கு வெளியே பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை உள்ளே வரவே இல்லை. ஒரு வைடை தம்பி கவனிக்காமல் விட்டபோதுகூட சார் காதைச் சொறிந்துகொண்டுதான் இருந்தார். முடிந்ததும் ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லிவிட்டு சேரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வருடம் எங்கள் டீமின் பிராக்டிஸ் மேட்ச்சுகளுக்கு அந்தத் தம்பிதான் நிற்கிறான். இன்னும் திட்டு வாங்குகிறான். ஆனால் நிற்கிறான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, சார் உள்ளே வராமல் இருந்ததுதான். வந்து திருத்தியிருந்தால் அந்த ஒரு வைடு சரியாகியிருக்கும். ஆனால் அதற்கு அப்புறம் ஒவ்வொரு அப்பீலுக்கும் இருபத்திரண்டு பேரும் சேரைத்தான் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நம்மூரில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நிறைய பேருக்கு வராத வித்தை இது. கூட இருக்கணும், குறுக்கே வரக் கூடாது.

140 பேரில் 3 பேர்

2022 ஜூலையில் அகமதாபாத்தில் பி.சி.சி.ஐ. ஒரு அம்பயர் தேர்வு நடத்தியது. மகளிர், ஜூனியர் ஆட்டங்களுக்கு நிற்கத் தகுதி தருகிற தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், வைவாவுக்கு 35, வீடியோவுக்கு 35, உடல் தகுதிக்கு 30. மொத்தம் 200. வந்தவர்கள் சுமார் 140 பேர். பாஸானவர்கள்... மூன்றே மூன்று பேர்! நம்ம எம்-3 பேப்பர் ரிசல்ட் எல்லாம் இதற்கு முன்னால் பிச்சை வாங்கணும்.

கேள்விகளைப் பார்த்தால் காரணம் புரியும். பெவிலியன் நிழலோ, மரத்தின் நிழலோ, ஒரு ஃபீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது, பேட்ஸ்மேன் புகார் சொல்கிறார், என்ன செய்வீர்கள்? பெவிலியன், மரம் நிழலை எல்லாம் கண்டுகொள்ளக் கூடாது. ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைந்தால் டெட் பால். இன்னொன்று: பந்து போடுகிற கையின் ஆள்காட்டி விரலில் பவுலருக்கு நிஜமாகவே காயம். டேப்பைக் கழற்றினால் ரத்தம் வரும். கழற்றச் சொல்வீர்களா? பாவம் பார்த்து ‘பரவாயில்லை, போடுங்க’ என்று எழுதினால் மார்க் போச்சு. பந்து போட வேண்டும் என்றால் டேப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

செய்முறையில் நிறைய பேர் நன்றாகவே பண்ணியிருக்கிறார்கள், எழுத்தில்தான் சறுக்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அப்படியானால் கிரவுண்டில் நின்று பழகியவர்களுக்கு ‘ஏன் இப்படி ஒரு சட்டம்’ என்று உட்காரவைத்துச் சொல்ல ஆளில்லை. நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன். அந்த விரல் டேப் கேள்வியை ஒரு சீனியர் அம்பயர் டீ குடித்துக்கொண்டே ஒருமுறை கதையாகச் சொல்லியிருந்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

வீட்டிலேயே குரு!

நிதின் மேனனைத் தெரிந்திருக்கும். இந்தூர்க்காரர். மத்தியப் பிரதேசத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர். அப்பா நரேந்திர மேனன் சர்வதேச அம்பயர். 2006-ல் பி.சி.சி.ஐ. தேர்வு வந்தபோது, எழுதிப் பார், பாஸானால் எப்போது வேண்டுமானாலும் இந்தப் பக்கம் வரலாம் என்று அப்பா சொன்னதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார் மேனன். எழுதினார், பாஸானார், ஆட்டத்தை விட்டுவிட்டு 22 வயதில் அம்பயர் கோட்டை மாட்டிக்கொண்டார். ஃபைனல் இயர் முடித்துவிட்டு நாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டுகிற வயது அது! 2020-ல் 36 வயதில் ஐ.சி.சி. எலைட் பேனலில் இடம். அந்தப் பேனலுக்குப் போன மூன்றாவது இந்தியர் அவர். கால்பந்திலும் இதே கதை உண்டு. 2010 உலகக் கோப்பை ஃபைனலுக்கு ரெஃபரியாக இருந்த இங்கிலாந்தின் ஹோவர்ட் வெப்பை இந்தப் பக்கம் இழுத்துவிட்டது, ரெஃபரியாக இருந்த அவருடைய அப்பாதான்.

மேனனுக்கு முன்னால் எலைட் பேனலுக்குப் போன இரண்டு பேருமே நம்ம சென்னையோடு சம்பந்தப்பட்டவர்கள். ஒருவர் எஸ்.ரவி. இன்னொருவர் எஸ்.வெங்கட்ராகவன். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்த நம்ம சூப்பர் சீனியர்! 57 டெஸ்டில் 156 விக்கெட் எடுத்தவர். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவின் கேப்டன். பிறகு அம்பயராகி 73 டெஸ்ட்டில் நின்றார். 2002-ல் ஐ.சி.சி. எலைட் பேனலை ஆரம்பித்தபோது உலகம் முழுக்கத் தேடி எடுத்த எட்டுப் பேரில் ஒருவர்.

சரி, அப்பா அம்பயரும் இல்லை, நாம் இந்தியாவுக்கு கேப்டனும் இல்லை. அப்போ?

சென்னையைச் சேர்ந்த என்.ஜனனியின் கதையைக் கேளுங்கள். சாஃப்ட்வேர் இன்ஜினீயர். அம்பயரிங் மேல் ஆசை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கதவைப் பலமுறை தட்டினார். பெண்களை அம்பயராகச் சேர்க்கிற விதியே அப்போது இல்லை. 2015-ல் விதியை மாற்றினார்கள். 2018-ல் பி.சி.சி.ஐ. லெவல் 2 தேர்வில் பாஸானார். ஐ.டி. வேலையை விட்டார். 2023 ஜனவரியில் ரஞ்சி டிராஃபியில் முதன்முதலாகப் பெண் அம்பயர்கள் நின்றபோது, அந்த மூவரில் ஜனனியும் ஒருவர். 2025 மகளிர் உலகக் கோப்பைக்கு முழுக்கப் பெண்களே கொண்ட அம்பயர் பேனலை ஐ.சி.சி. அறிவித்தபோது அதிலும் அவர் பெயர் இருந்தது.

அந்த ரஞ்சி மூவரில் இன்னொருவரான மும்பை விருந்தா ராத்தி எப்படி இந்தப் பக்கம் வந்தார் தெரியுமா? யுனிவர்சிட்டி டீமில் மீடியம் பேஸ் போட்டவர். அப்புறம் ஸ்கோரர் ஆனார். 2013 மகளிர் உலகக் கோப்பைக்கு ஸ்கோர் எழுதப் போன இடத்தில் நியூஸிலாந்து அம்பயர் கேத்தி கிராஸைச் சந்தித்தார். ஒரு பெண் வெள்ளைக் கோட்டோடு நடுவில் நிற்பதை நேரில் பார்த்ததும், அவரோடு பேசியதும்தான் பொறி. வருஷக்கணக்கில் கையைப் பிடித்து நடத்த வேண்டும் என்றுகூட இல்லை. சில பேருக்கு ‘நீயும் நிற்கலாம்’ என்று ஒருவர் நின்று காட்டினாலே போதும்.

தப்பு பண்ணின ராத்திரி

மென்ட்டரின் நிஜமான டெஸ்ட், அம்பயர் சரியாக நிற்கிற நாளில் இல்லை. தப்பு பண்ணின நாளில்தான்.

டேவிட் ஷெப்பர்டை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், உடனே முகம் மலரும். ஸ்கோர் 111 ஆனால் ராசியில்லை என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பாரே, அந்தக் குண்டு அம்பயர். 2001-ல் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்து-பாகிஸ்தான் டெஸ்ட். கடைசி நாளில் இங்கிலாந்துக்கு விழுந்த சில விக்கெட்டுகள் நோ-பாலில் விழுந்தவை என்று டி.வி. ரீப்ளே காட்டிக்கொடுத்தது. பாகிஸ்தான் ஜெயித்துவிட்டது. உலகத்தின் மிகப் பிரியமான அம்பயர் என்று பெயர் வாங்கியவர், வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு நொந்துபோனார். பல நாடுகளில் இருந்து அவருக்கு ஆதரவாகச் செய்திகள் வந்தன. அவற்றால் மனம் மாறித் தொடர்ந்தார். 2003 உலகக் கோப்பை ஃபைனலில் நின்றவர்களில் ஒருவர் அவர். அவருடைய மூன்றாவது உலகக் கோப்பை ஃபைனல் அது!

எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2008 சிட்னி டெஸ்ட்டுக்குப் பிறகு நாம் எல்லாம் திட்டித் தீர்த்த ஸ்டீவ் பக்னர், அடுத்த டெஸ்ட்டில் இருந்தே நீக்கப்பட்டார். 2019 ஐ.பி.எல்.-லில் பெங்களூரு-மும்பை மேட்ச்சின் கடைசிப் பந்து மலிங்காவின் நோ-பால். அதை எஸ்.ரவி கவனிக்கவில்லை. நாம் ஐ.பி.எல். ஆடுகிறோம், கிளப் கிரிக்கெட் இல்லை என்று விராட் கோலி பொங்கினார். அன்று ராத்திரி ஊரெல்லாம் ரவியைத் திட்டியது. எனக்கு அந்தப் பேச்சில் வேறொரு கேள்வி. அப்போ கிளப் கிரிக்கெட்டில் அம்பயர் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பரவாயில்லையா? பெரிய மேட்ச் அம்பயர்கள் எல்லாம் அந்தக் கிளப் மேட்ச்சில் இருந்துதானே வர வேண்டும்?

ஐ.சி.சி. இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. 2004-ல் இருந்து 2008 வரை தொடர்ந்து ஐந்து வருடம் உலகின் சிறந்த அம்பயர் விருது வாங்கிய ஆஸ்திரேலியாவின் சைமன் டாஃபல், 2012-ல் ஓய்வு பெற்றார். வயது 41தான். ஐ.சி.சி. அவரை விடவில்லை. மற்ற அம்பயர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் உட்கார வைத்துவிட்டது. எலைட் பேனல் ஆட்களுக்கு அம்பயர் கோச் உண்டு, வீடியோ உண்டு, மேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு முடிவையும் போட்டுப் பார்த்துப் பேச ஆள் உண்டு. அவர்களுக்கு எல்லாம் இருக்கு. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு மண் கிரவுண்டில் தன்னந்தனியாக நிற்கிற இருபது வயதுப் பையனுக்கு என்ன இருக்கு?

பச்சைச் சட்டை

2023 ஏப்ரலில் ஒடிசாவின் கட்டாக் மாவட்டத்தில் ஒரு கிராமத்து மேட்ச். நோ-பால் கொடுத்ததில் தகராறு. அம்பயராக நின்ற இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 22.

இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது. அந்த இடத்துக்கு எந்த மென்ட்டரும் கவசம் ஆகிவிட முடியாது. அது போலீஸ் விஷயம். ஆனால் கத்தி வருவதற்கு முன்னால் கத்தல் வருகிறது, கத்தலுக்கு முன்னால் முனகல் வருகிறது. முனகலிலேயே நிறுத்தச் சட்டத்தில் வழி இருக்கு என்பதே நிறைய அம்பயர்களுக்குத் தெரியாது. 2017-ல் எம்.சி.சி. சேர்த்த 42-வது சட்டம் அதற்குத்தான். தீர்ப்பைச் சொல்லாலோ செயலாலோ எதிர்த்தால் முதலில் எச்சரிக்கை. அதே டீம் மறுபடியும் செய்தால் எதிர் டீமுக்கு 5 ரன். அம்பயரை அடிப்பேன் என்று மிரட்டினால் அந்த ஆட்டக்காரரை மேட்ச் முழுக்கவும் வெளியே அனுப்பலாம், கூடவே 5 ரன். ஆமாம், கிரிக்கெட்டிலும் ரெட் கார்டு உண்டு பாஸ்! ஆனால் பதினெட்டு வயசு ஃபர்ஸ்ட் இயர் பையன், ஃபைனல் இயர் கேப்டனைப் பார்த்து ‘அண்ணா, வெளியே போங்க’ என்று சொல்வானா? பவுண்டரியில் ஒரு பிளாஸ்டிக் சேர் இருந்தால் ஒருவேளை சொல்வான்.

மற்ற ஊர்களில் சில வேலைகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் நெட்பால் ஆடுகிற பல இடங்களில் புது அம்பயர்களுக்குப் பச்சைச் சட்டை கொடுக்கிறார்கள். நம்ம ஊர் ‘எல்’ போர்டு மாதிரி. இவர் கற்றுக்கொண்டிருக்கிறார், கத்தாதீர்கள் என்று ஆடுகிறவர்களுக்கும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் சேதி. இங்கிலாந்தில் 2023-ல் உள்ளூர் கால்பந்து ரெஃபரிகளின் நெஞ்சில் கேமரா மாட்டி சோதித்துப் பார்த்தார்கள். கேமராவைவிட எனக்கு அந்தச் சட்டைதான் பிடித்திருக்கிறது. கேமரா, நடந்ததைப் பதிவு பண்ணும். சட்டை, நடப்பதற்கு முன்னாலேயே வேலை பார்க்கும். விலையும் இருநூறு ரூபாய்தான் ஆகும்.

நம்ம காலேஜ்களில் இதை ஆரம்பிக்க சிண்டிகேட் மீட்டிங் எல்லாம் தேவையில்லை. டிபார்ட்மென்ட் மேட்ச் என்றால் மூன்றாவது டிபார்ட்மென்ட்டில் இருந்து அம்பயர். ஒரு முனையில் பழகின சீனியர், மறுமுனையில் புது ஆள். ஓவர் முடிகிற ஒவ்வொரு முறையும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையசைத்தாலே பாதி பயம் போய்விடும். மேட்ச் முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, ‘எங்க நின்னே?’ என்று கேட்க ஒரு ஆள். கேப்டனாக இருந்து அடிபட்டு ஆட முடியாமல் போன சீனியர்கள் ஒவ்வொரு காலேஜிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

‘இதுல காசு வருமா?’ என்று கேட்கிற கூட்டத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2022-ல் வந்த செய்திகளின்படி, முதல் தர ஆட்டங்களுக்கு மேல் கிரேடு அம்பயர்களுக்கு பி.சி.சி.ஐ. நாள் ஒன்றுக்கு 40,000 ரூபாய் கொடுத்தது. அதற்கு அடுத்த கிரேடுகளுக்கு 30,000. அந்த உயரத்துக்குப் போக மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், பி.சி.சி.ஐ. என்று வரிசையாகத் தேர்வுகள் இருக்கின்றன. உங்கள் மாவட்ட கிரிக்கெட் சங்க ஆபீஸில் அடுத்த அம்பயர் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். எம்.சி.சி. சட்டங்கள் நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதுவரைக்கும் டிபார்ட்மென்ட் மேட்ச்சில் கிடைக்கிற சம்பளம் ஒரு டீ, ரெண்டு சமோசா.

இந்த வாரமே உங்களை யாராவது ‘போய் நில்லுடா’ என்று அனுப்பினால் ஆறு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொண்டு போங்கள். பழைய அம்பயர்கள் புது ஆட்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற வித்தைகளில் ஒன்று இது. ஆறும் இடது பாக்கெட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு பந்து முடிந்ததும் ஒரு காசு வலது பாக்கெட்டுக்கு. இடது பாக்கெட் காலியானால் ஓவர் முடிந்தது. வைடுக்கும் நோ-பாலுக்கும் காசை மாற்றக் கூடாது. சமோசாக்காரர் சில்லறை கேட்டாலும் மேட்ச் முடிகிறவரை கொடுத்துவிடாதீர்கள்.